குங்குமம் பட்ட அகராதி

பத்து வயதில் எனக்கு இருந்த பயங்களை இப்போது எண்ணிப் பார்த்தால், அத்தனையையும் சுமந்துகொண்டு எப்படி நடமாடினேன் என்று வியப்பாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்த வெள்ளைக்கார சிஸ்டருக்குப் பயம். வீட்டில் மாமிக்குப் பயம். நவராத்திரி வந்தால் சரஸ்வதிக்கும் பயம். இவர்கள் எல்லோருக்கும் மேலாக, நான் ஒருநாளும் கண்டிராத ஒருவருக்குப் பயம். அவர் அப்பா வேலை பார்த்த கந்தோரின் வெள்ளைக்காரத் துரை.

அப்பா கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் கிளாக்கராக இருந்தார். இரண்டு வருடமாகத் தற்காலிக வேலை. தை மாதம் நிரந்தரமாக்கிக் கடிதம் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு முந்திய தையிலும் அப்படித்தான் சொன்னார். துரையின் மனம் கோணினால் கடிதமும் இல்லை, வேலையும் இல்லை. கொட்டாஞ்சேனை வீட்டைக் காலிசெய்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏற வேண்டியதுதான். இதை மாமி நாளுக்கு ஒருதரம், எனக்குச் சோறு போடும்போது, தவறாமல் ஞாபகப்படுத்துவார். மாமி என்றால் அப்பாவின் தமக்கை. அம்மா பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்குப் போயிருந்ததால் வீட்டை அவர்தான் ஆண்டுகொண்டிருந்தார். தன் சங்கிலியை விற்று அப்பாவை இங்கிலீஷ் படிப்பித்தவர் என்பதால் அப்பாவையும் சேர்த்தே ஆண்டார்.

வினை ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லில் வந்தது. ‘என் வீடு’ என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார் சிஸ்டர். நானும் எழுதினேன். வீடு நைஸ், அப்பா நைஸ், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நைஸ், கடற்காற்று நைஸ், மாமியும் நைஸ். கடைசியாகச் சொன்னது முழுப் பொய் என்றாலும் கட்டுரைக்கு அது அழகாக இருந்தது. ஒரு பக்கத்துக்குள் அந்தச் சொல்லைப் பதினொரு தரம் எழுதியிருக்கிறேன் என்பது சிஸ்டர் சிவப்பு மையால் பதினொரு வட்டம் போட்டபிறகுதான் எனக்கே தெரிந்தது. கொப்பி முழுக்க அம்மை போட்டதுபோல் இருந்தது.

யோசிக்கப் பஞ்சிப்படுகிற சோம்பேறிகளின் சொல் இது என்றார் சிஸ்டர். மழைக்கும் இதுதான், மீன்கறிக்கும் இதுதான், மகாராணிக்கும் இதுதான் என்றார். வருகிற புதன்கிழமை நான் வகுப்புக்கு முன்னால் நின்று, அந்தச் சொல் எங்கே பிறந்தது, என்னென்ன பொருளோடு வாழ்ந்தது, இன்றைக்கு எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கீழ்வகுப்பில் போய் இருக்கலாம். இதைச் சொல்லும்போது அவர் கையில் இருந்த, கோடு போடும் அடிமட்டம் மேசையை ஒருதரம் பட்டும் படாமல் தொட்டது. அடித்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

என்னிடம் இருந்த சட்டைப்பை அகராதியில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது: ‘இனிமையான’. பிறப்பு வளர்ப்பு ஒன்றும் இல்லை. அன்று பின்னேரம் நான் அழுதுகொண்டு கொப்பியைக் காட்டியபோது அப்பாவுக்குக் கோபம் வரவில்லை; முகம் மலர்ந்துவிட்டது. மற்ற ஆண்களுக்குச் சீட்டாட்டம் எப்படியோ, அப்பாவுக்கு இங்கிலீஷ் சொற்கள் அப்படி.

“சொல்லின்ர சாதகத்தைக் கேக்கிறா சிஸ்டர். அது எங்கட கந்தோர் அலுமாரியில இருக்கு. நீ அழாத,” என்றார்.

கந்தோரில் ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் துரையின் சொந்த அகராதி, பல பாகங்களாக, ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். சீமையிலிருந்து தபால் கப்பல் வந்தால் துரைக்குக் கட்டுக்கட்டாகப் பத்திரிகை வரும். அன்று மதியம் கிளப்பில் சாப்பிட்டு மூன்று மணிக்குத் திரும்பிவந்து, பத்திரிகையில் உள்ள குறுக்கெழுத்துப் போட்டியை எடுத்துக்கொண்டு உட்காருவார். அந்தப் பாகத்தைக் கொண்டுவா, இந்தப் பாகத்தைக் கொண்டுவா என்று மணி அடித்தபடி இருப்பார். கப்பல் இல்லாத நாளில் அலுமாரிப் பக்கம் ஒருவரும் போவதில்லை. துரையைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. அலுமாரிப் பூட்டின் திறப்பு பியோன் நானாவிடம் இருந்தது. நானா கொழும்புச் சோனகர், முஸ்லிம்; அப்பாவுக்கு மூத்தவர். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் எங்கள் வீட்டுக்கு கருப்பட்டி மணக்க ஒரு கோப்பை வட்டிலப்பம் கொண்டுவந்து தருவார்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்த அப்பா, காய்கறிப் பைக்குள்ளிருந்து முருங்கைக்காயை முதலில் எடுத்தார். அதன்கீழிருந்து, பழைய பேப்பரில் சுற்றிய ஒரு பாகத்தை எடுத்தார்.

“நானா திறந்து தந்தவர். திங்கள் காலமை கொண்டுபோய் வைச்சிடுவன். கப்பல் செவ்வாய்தான். ஒருத்தருக்கும் சொல்லாத,” என்றார்.

அன்றைய பின்னேரம் மட்டும் எனக்குப் பயம் இருக்கவில்லை. யன்னல் ஓரம் இருவரும் குனிந்து இருந்தோம். அப்பா விரலை வைத்து வாசித்தார். அந்தச் சொல்லின் மூதாதை லத்தீனில் இருந்தது. ‘அறியாத’ என்று பொருள். அது பிரெஞ்சுக்குப் போய் ‘மடையன்’ ஆயிற்று. இங்கிலாந்துக்கு வந்து சில நூற்றாண்டு மடையனாகவே இருந்தது. பிறகு கூச்சமுள்ளவன் ஆயிற்று, பிறகு எதிலும் குற்றம் பிடிக்கிறவன், பிறகு நுணுக்கமானது, கடைசியில்தான் இனிமையானது. நடுவில் ஒரு பொருளை மட்டும் அப்பா பெருவிரலால் மறைத்துக்கொண்டு அடுத்ததற்குத் தாவினார். அது ஒழுக்கம் கெட்டவர்களைக் குறிப்பது என்பதை நான் வளர்ந்தபிறகுதான் பார்த்தேன்.

“நூலளவு வித்தியாசம் எண்டு சொல்லுறமெல்லே, அந்த இடத்தில இந்தச் சொல்லைப் போட்டால் சிஸ்டருக்குப் பிடிக்கும். மீன்கறிக்குப் போடாத.”

“மடையன் எப்பிடி அப்பா நல்லவனானான்?”

அப்பா யோசித்தார். “எங்கட பேதையும் அப்பிடித்தானே. ஒண்டும் அறியாத ஆளும் பேதை, சின்னப் பெட்டையும் பேதை. ஒண்டும் தெரியாதவையில ஆக்களுக்கு ஒரு பட்சம்.”

எனக்கு அந்த விளக்கம் அவ்வளவு பிடிக்கவில்லை. ஆனாலும் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

கப்பல்கள் எந்த நாள், எத்தனை மணிக்கு வரும் என்று விரல் நுனியில் வைத்திருந்த அப்பா, சரஸ்வதி எப்போது வருவாள் என்பதை மறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை மாலை நானும் அப்பாவும் கோயிலுக்குப் போய் வருவதற்குள், வீட்டில் இருந்த புத்தகம் அத்தனையையும் மாமி சேர்த்துக் கும்பத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தார். என் பாடப்புத்தகங்கள், பஞ்சாங்கம், தேவாரப் புத்தகம் எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், பெரியது என்ற மரியாதையோடு, துரையின் அகராதி. ஒவ்வொன்றின் அட்டையிலும் சந்தனம் குழைத்துப் பூசி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு வைத்து, மேலே பட்டுத்துண்டு ஒன்று போர்த்தியிருந்தார்.

பூசையில் வைத்த புத்தகத்தை விசயதசமி காலையில்தான் எடுக்கலாம். விசயதசமி செவ்வாய்க்கிழமை. அதற்கிடையில் தொட்டால் படிப்பு வராது. இதில் எங்கள் வீட்டில் இரண்டாம் பேச்சு இருந்ததில்லை.

திங்கட்கிழமை காலை அப்பா கோட்டும் போட்டுக்கொண்டு கும்பத்துக்கு முன்னால் வந்து நின்றார். செருப்பில்லாமல் நின்ற அந்தக் கால்கள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன.

“அக்கா, அந்தப் பெரிய புத்தகம் கந்தோருக்கு வேணும்.”

“நாளைக்குக் காலமை எடுத்துக்கொண்டு போ. ஒரு நாளில துரைக்கு என்ன குறையப்போகுது? இவளின்ர படிப்பைக் கெடுக்காத.”

கேட்காமல் எடுத்துவந்த பொருள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாமியே தூக்கிக் கொடுத்திருப்பார். ஆனால் அதை எப்படிச் சொல்வது? சங்கிலி விற்றுப் படிப்பித்த தம்பி, களவாய் எடுத்த புத்தகத்தைச் சரஸ்வதிக்குப் படைக்க வைத்துவிட்டான் என்றல்லவா ஆகும்? அப்பா என்னைப் பார்த்தார். “கப்பல் செவ்வாய்தானே,” என்று எனக்கு மட்டும் கேட்கச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு போனார்.

எங்கள் வகுப்பு மேல்மாடியில். யன்னலால் பார்த்தால் துறைமுகம் தெரியும். பதினொரு மணிபோல், கணக்குப் பாடத்தின் நடுவில், கடலில் நீளமாக ஒரு ஊதல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். தடுப்புச் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்த கப்பலின் புகைக்கூண்டு நிறத்தை அப்பா எனக்குப் பலமுறை காட்டித் தந்திருக்கிறார். அது தபால் கப்பல். காற்று நல்லாய் இருந்திருக்க வேண்டும். ஒரு நாள் முந்திவிட்டது.

மூன்று மணிக்குத் துரை மணி அடிப்பார். அலுமாரியில் ஒரு பாகத்தின் இடம் ஓட்டைப் பல்லைப் போல வெறுமையாக இருக்கும். யார் எடுத்தது என்று கேட்பார். அப்பா எழுந்து நிற்பார். பிறகு ரயில். பிறக்கப்போகும் தம்பியோ தங்கையோ, அதற்குப் பால் வாங்கக்கூடக் காசு இருக்காது. எல்லாம் நான் பதினொரு தரம் எழுதிய ஒரு சொல்லால்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு விடுவார்கள். ஓடினேன். மாமி பின்பக்கக் கிணற்றடியில் பூசைக்குக் குளித்துக்கொண்டிருந்தார். “ஆரது?” என்ற குரல் வந்தது. “நான்தான் மாமி.” “சோறு மூடிக்கிடக்கு, போட்டுச் சாப்பிடு.” வாளி கிணற்றுக்குள் விழும் சத்தம். மாமி எப்போதும் பதினாறு வாளி குளிப்பவர். இது எத்தனையாவது என்று தெரியவில்லை.

கும்பத்துக்கு முன்னால் முழந்தாளில் இருந்தேன். படத்தில் சரஸ்வதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடியில் இருப்பதை எடுக்க மேலே உள்ள அத்தனையையும் இறக்க வேண்டும். பஞ்சாங்கத்தை இறக்கினேன், ஒரு வாளி. தேவாரத்தை இறக்கினேன், இன்னொரு வாளி. என் படிப்பை எடுத்துக்கொள், அப்பாவின் வேலையை விட்டுவிடு என்று அவளிடம் வாய்விட்டே சொன்னேன். நான் எதையும் அவ்வளவு உண்மையாகக் கேட்டதில்லை. அகராதி இருந்த இடத்தில், மாமி ஊசி நூல் போட்டுவைக்கும் தட்டையான தகர பிஸ்கட் பேணியை வைத்து, மற்றவற்றைத் திரும்ப அடுக்கிப் பட்டுத்துண்டைப் போர்த்தினேன். வாளிச் சத்தம் நின்றுவிட்டது. சோற்றைத் தொடாமல் வாசலால் ஓடினேன்.

தனியாக அதற்குமுன் கோட்டைக்குப் போனதில்லை. ஜம்பட்டா வீதியால் இறங்கி, செட்டியார் தெரு நகைக்கடைகளைத் தாண்டி, பிரதான வீதியில் மாட்டுவண்டிகளுக்கும் ரிக்ஷாக்களுக்கும் இடையில் புகுந்து போனேன். நல்ல வெயில். அகராதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்ததில் வெள்ளைச் சீருடை முழுக்கச் சந்தனம். என்னைத் திரும்பிப் பார்த்த ஒவ்வொரு வெள்ளைக்காரனும் துரையாகத் தெரிந்தான். யாரிடமாவது வழி கேட்டால் என்ன புத்தகம் என்று கேட்பார்களோ என்று கேட்காமலே நடந்தேன். கப்பல் கொம்பனியின் பித்தளைப் பலகையைக் கண்டதும் படியோரம் நின்றுவிட்டேன்.

வாசலில் முக்காலியில் இருந்த நானா என்னைக் கண்டு எழுந்து வந்தார். வெள்ளைக் கோட்டு, இடுப்பில் கொம்பனியின் பித்தளை வில்லை பதித்த வார்.

“எங்கட கிளாக்கர் ஐயாட மகள்தானே? இந்த வெயிலுக்க ஏன் மகள் தனியா வந்தீங்க?”

நான் புத்தகத்தை நீட்டினேன். வாய் திறந்தால் அழுகை வரும்போல் இருந்தது. நானா மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டு மணிக்கு மேல் ஆகியிருந்தது.

“அப்பாவைக் கூப்பிடுவீங்களோ?” என்று கேட்டேன்.

“வாணாம். உள்ளுக்கு ஆக்கள் இருக்கு. நான் வெச்சிடுறன்.” அட்டையைப் பார்த்தார். “இதென்ன சிவப்பு?”

“சாமிக்கு வைச்சது.”

நானா தன் கோட்டின் கையை இழுத்துப் பிடித்து, அந்தக் குங்குமத்தைத் துடைத்தார். என் வியர்வையில் ஊறிய குங்குமம், முக்கால்வாசி வந்துவிட்டது. வந்தது அத்தனையும் அவருடைய வெள்ளைக் கோட்டுக் கையில் ஏறியது.

“பாடம் பாத்து முடிஞ்சா?”

“ஓம்.”

“அப்ப ஒண்ணுக்கும் பயப்பட வாணாம். பாடத்த நல்லாச் சொல்லணும், சரியா? நேரா வீட்ட போங்க.”

திரும்பி வந்த வழி எனக்கு ஞாபகமே இல்லை. பின்னேர வகுப்புக்குப் பிந்தி வந்ததற்கும் சீருடையைப் பழுதாக்கியதற்கும் சிஸ்டர் என்னை, நாங்கள் உட்காரும் நீள வாங்கின்மேல் ஏற்றி நிற்கவிட்டார். வாங்கில் நின்றபடி துறைமுகத்தைப் பார்த்தேன். கப்பல் சும்மா ஒரு கப்பலாக நின்றது.

அப்பா அன்று பிந்தித்தான் வந்தார். வாசல் படலையிலேயே ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

“வேலை இருக்கோ அப்பா?”

“இருக்கு.”

“துரை கேட்டவரோ?”

“புத்தகம் இருந்தது,” என்றார். என் தலையில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்க மறந்தவர்போல் கொஞ்சநேரம் நின்றார். மெச்சுவார் என்று காத்திருந்த எனக்கு அது ஏமாற்றமாக இருந்தாலும், அன்று நன்றாக நித்திரை கொண்டேன்.

மறுநாள் விசயதசமி. மாமி பட்டுத்துண்டை நீக்கி, புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கடைசியில் பிஸ்கட் பேணியில் வந்து நின்றார். அவருடைய கண் நேராக என்னிடம் வந்தது.

“நான்தான் எடுத்தனான் அக்கா,” என்றார் அப்பா பின்னாலிருந்து. “பிள்ளையை ஏசாத. பிழை என்னில.”

அப்பா மாமியின் முகத்தைப் பார்த்து அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மாமியும் கேட்டிருக்க மாட்டார். பேணிக்குள்ளிருந்த ஊசியையும் நூலையும் பார்த்துவிட்டு மூடினார். அப்பாவின் துணிச்சலை எண்ணி எனக்குப் பெருமை பொங்கியது. அவர் மட்டும் அன்று அவலும் கடலையும் சாப்பிடவில்லை.

புதன்கிழமை வகுப்புக்கு முன்னால் நின்று ஒரு மூச்சில் சொன்னேன். அறியாமையில் பிறந்த சொல், மடையனாக அலைந்து, நுணுக்கமாகி, இனிமையாகிய கதையை அப்பா சொன்னபடியே சொன்னேன். எங்கள் மொழியிலும் அப்படி ஒரு சொல் இருக்கிறது என்று பேதையையும் சேர்த்தேன். சிஸ்டர் அடிமட்டத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். படிப்பைச் சரஸ்வதி எடுத்துக்கொள்ளவில்லை, அப்பாவின் வேலையையும் விட்டுவைத்தாள். இவ்வளவு இலகுவாக ஏமாறும் தெய்வமா என்றுகூட நினைத்தேன்.

தையில் நிரந்தரக் கடிதம் வந்தது. தம்பி பிறந்து அம்மாவும் வந்திருந்தார். நோன்புப் பெருநாளும் அந்த நாட்களில்தான் வந்துபோயிற்று. அந்த வருடம் வட்டிலப்பம் வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “நானா நிண்டிட்டார்,” என்றார் அப்பா. வேலையிலிருந்து நின்றுவிட்டார் என்றால் வயது போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமை மூன்று மணிக்கு நடந்ததை அப்பா எனக்குச் சொன்னது நான் படிப்பித்து முதற் சம்பளம் கொண்டுவந்த அன்று. துரை கேட்ட பாகம் இடத்தில்தான் இருந்தது. ஆனால் அட்டையில் மஞ்சளும் சிவப்பும் ஊறியிருந்தது. துரை நிமிர்ந்து, புத்தகத்தைக் கொண்டுவந்த நானாவின் கோட்டுக் கையைப் பார்த்தார். தன் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஏதோ சடங்கு செய்திருக்கிறான் என்றார். சோனகர் வீட்டில் குங்குமம் ஏது என்று அந்த அறையில் இருந்த கிளாக்கர்மார் எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்கு அதற்கு மேலும் தெரியும். துரை எல்லோரையும் பார்த்து, யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று கேட்டாராம். நானா அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லையாம். வாரைக் கழற்றி, வில்லையை ஒருதரம் துடைத்து, மேசையில் வைத்துவிட்டுப் போனாராம். “பிழை என்னில எண்டு ஒரு சொல் வாயில வந்தது பிள்ளை. அடுத்த நாள் வீட்டிலதான் வெளியில வந்தது,” என்றார் அப்பா.

ஆனால் மாசியில், பத்து வயதில், எனக்கு இது ஒன்றும் தெரியாது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்தால், வாசலில் கச்சான் கடலைப் பெட்டியோடு நானா நிற்கிறார். சாரமும் பழைய பெனியனும். என்னைக் கண்டதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“மகள், அந்தப் பாடம் என்னாச்சு? நல்லாச் சொன்னீங்களா?”

“சிஸ்டர் கைதட்டினவ நானா.”

“அப்ப சரி,” என்றார். பேப்பரைச் சுருட்டி, நிறையக் கச்சான் போட்டு என் கையில் தந்தார்.

ஒரு பருப்பைக்கூட வாயில் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பாவுக்கு நல்ல சேதி சொல்லப்போகிறோம் என்ற அவசரம். நானா எங்கள் பள்ளிக்கூட வாசலிலேயே கடை போட்டிருக்கிறார் அப்பா, இனி ஒவ்வொரு நாளும் காணலாம் என்றேன். அப்பா அந்தச் சுருளைக் கையில் வாங்கினார். கதிரையில் உட்கார்ந்தார். அதைப் பிரிக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. தெருவில் விற்கிறதை வாங்கினதற்கு ஏச்சு விழப்போகிறது என்று பயந்து, நான் காசு கொடுக்கவில்லை, சும்மாதான் தந்தவர் என்று அவசரமாகச் சொன்னேன். அதைக் கேட்டதும் அப்பா முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து பின்பக்க ஒழுங்கையால் போய்ப் பின்கதவால்தான் பள்ளிக்கூடத்துக்குப் போய்வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். நானும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் கச்சான் விற்கிறவர்கள் யாரும் இல்லை என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே குறை.